புடாபெஸ்ட் காம்பிட் கைகொடுக்குமா?

கேள்வி: வெள்ளிமலையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். சதுரங்கப் போட்டி என்றால் கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து, கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். அங்கே பயிற்சி மையத்தில் படித்தவர்கள் முதல் பத்து நகர்வுகளை மளமளவென்று ஆடிவிடுகிறார்கள். எனக்குப் பயிற்சியாளர் இல்லை. ஊரில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுக்கும், அதிகம் பேர் ஆடாத புடாபெஸ்ட் காம்பிட்டைப் படித்துக்கொண்டு போனால் அவர்களைத் திணறடிக்க முடியுமா?
— ஒரு வாசகர், வெள்ளிமலை

பதில்: முடியும் தம்பி. ஆனால் திகைப்பு ஓர் ஆட்டத்துக்குத்தான் உதவும். உன்னிடம் ஒருமுறை தோற்றவன் அடுத்த போட்டிக்குப் படித்துவிட்டு வருவான். அப்போதும் தாங்குகிற திறப்பாக இருக்க வேண்டும்.

1918-ல் நடந்த இரண்டு ஆட்டங்களைப் பார். பெர்லினில், அன்றைய முன்னணி வீரரான ரூபின்ஸ்டைனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களோடு இதே காம்பிட்டை ஆடிய விட்மர், 24 நகர்வுகளில் வென்றார். அதே ஆண்டு நியூயார்க்கில் மார்ஷல், ஸ்பானிஷ் திறப்பில் ஒரு சிப்பாயைக் கொடுத்து காபாபிளாங்காவைத் தாக்கினார். காபாபிளாங்கா பதறவில்லை. பலகையைப் பார்த்தே ஒவ்வொரு மிரட்டலுக்கும் விடை கண்டுபிடித்து வென்றார். மார்ஷல் அன்று தோற்றாலும் அவருடைய யோசனையில் சரக்கு இருந்தது. அதனால்தான் இன்றும் கிராண்ட்மாஸ்டர்கள் அதை ஆடுகிறார்கள்.

உன் காம்பிட்டிலும் சரக்கு உண்டு. வெள்ளை டி4, நீ குதிரை எஃப்6. வெள்ளை சி4, நீ இ5. வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டியதும் உன் குதிரை ஜி4-க்குப் போகிறது. வெள்ளை பிஷப்பை எஃப்4-லும் குதிரையை எஃப்3-லும் வைத்துத் தன் இ5 சிப்பாயைக் காக்கும். நீ இன்னொரு குதிரையை சி6-க்குக் கொண்டுவந்து, பிஷப்பால் பி4-ல் செக் வைத்து, ராணியை இ7-ல் நிறுத்து. வெள்ளை டி2-ல் குதிரையை வைத்துச் செக்கை மறைத்து, ஏ3 தள்ளி உன் பிஷப்பை விரட்டும். நீ விலகாமல், ஜி4 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டு. ஆசைப்பட்டு அவன் பிஷப்பை வெட்டினால் உன் குதிரை டி3-ல் பாயும், மேட். இ2 சிப்பாயால் அதை வெட்ட முடியாது. அது நகர்ந்தால் உன் ராணியின் பார்வையில் அவன் ராஜா சிக்கும்.

விஷயம் தெரிந்தவன் பிஷப்பைத் தொடமாட்டான். குதிரைகளை மாற்றிக்கொண்டு, இரண்டு பிஷப்புகளுடன் சற்றே நல்ல நிலைக்குப் போவான். ஆனால் உன் சிப்பாய் திரும்பி வந்திருக்கும், ஆட்டமும் உயிரோடு இருக்கும். அந்த நிலையை ஆடப் பழகு. பொறியை மட்டும் மனப்பாடம் செய்யாதே.

இன்னொன்றும் யோசி. டி4, சி4 இரண்டும் வந்தால்தான் உனக்கு இந்த வாய்ப்பு. லண்டன் முறை ஆடுபவன் சி4 தள்ளமாட்டான். பள்ளிப் போட்டிகளில் பலரும் இ4-ல்தான் தொடங்குவார்கள். ஆகவே இ4-க்கு ஒரு நம்பகமான பதிலை முதலில் தயார் செய். காம்பிட் அதற்குப் பிறகு.

திகைப்பு தீர்ந்த பிறகும் தாங்குகிற தயாரிப்புக்கு நம் ஆனந்த் நல்ல உதாரணம். 2008-ல் பான் நகரில் கிராம்னிக்குடன் உலகப் பட்டத்துக்கு மோதியபோது, மூன்றாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஒரு சிப்பாயைக் கொடுத்து, யானைக்கு ஜி வரிசையைத் திறந்துகொண்டு வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில் அதே திறப்பு மறுபடி வந்தது. திகைப்பு தீர்ந்திருந்தும் ஆனந்தே வென்றார். ஆழமாகத் தயாரித்ததன் பலன் அது.

சிக்னல் இல்லையே என்று கவலைப்படாதே. கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் நாளில், இலவசத் தளமான லிசெஸ்ஸில் இந்தக் காம்பிட்டில் ஆடிய இருபது ஆட்டங்களை நோட்டில் எழுதிக்கொள். கறுப்பு தோற்றவையும் அதில் இருக்கட்டும். மலைக்குத் திரும்பியதும் பலகையில் ஒவ்வொன்றாக ஆடிப் பார். ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுது. காரணம் எழுத வராத இடம்தான் நீ இன்னும் படிக்க வேண்டிய இடம். நண்பனை வெள்ளையாக உட்கார வைத்து, பொறியில் விழாத வழிகளையே ஆடச் சொல்.

அந்த நோட்டு நிறைந்த பிறகு பஸ் ஏறு, தம்பி. எதிராளி திகைத்தாலும் திகைக்காவிட்டாலும் அடுத்த நகர்வு உனக்குத் தெரிந்திருக்கும்.