லிமிட் தாண்டி வேலை பார்ப்பது எப்படி?

மாநகராட்சியில் உதவிப் பொறியாளராகவோ சுகாதார ஆய்வாளராகவோ புதிதாகச் சேர்ந்தவருக்குச் சீக்கிரமே பழகிப்போகும் வசனம் ஒன்று உண்டு: “அது எங்க லிமிட் இல்ல சார்.” விளக்கு எரியாததற்கு மாநகராட்சி ஈ.பி.யைக் கைகாட்டும், ஈ.பி. மாநகராட்சியைக் கைகாட்டும். அந்த இருட்டில் செயினைப் பறிகொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போனால், சம்பவ இடம் எந்த ஸ்டேஷன் எல்லை என்பதில் அரை மணி நேரம் ஓடும்.

சட்டப்படி காவல்துறை மாநில அரசுடையது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கென்று பட்டியலிட்ட 18 பணிகளில் அது இல்லை. ஆனால் தெருவிளக்கு, வாகன நிறுத்தம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் இருக்கின்றன. திருடனைப் பிடிப்பது இன்ஸ்பெக்டர் வேலைதான். அவன் ஒதுங்கி நிற்கும் மூலை உங்கள் பராமரிப்பில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த முடிவெடுத்தாலும் அது குற்றத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று பார்க்கும் கடமையை உள்ளாட்சிமீது சுமத்தியது. ஐரோப்பிய நகரங்கள் 1987-இலேயே பார்சிலோனாவில் கூடி, நகரப் பாதுகாப்புக்கென ஒரு மன்றம் தொடங்கின. நம் ஊரில் உள்ளாட்சியும் போலீஸும் சேர்ந்து வேலை பார்ப்பது பெரும்பாலும் அதிகாரிகள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதைப் பொறுத்தே நடக்கிறது. ஆகவே அறிமுகத்திலிருந்து தொடங்குங்கள்.

அறிமுகம் ஆனதும் முதல் வேலை வரைபடம். வார்டு எல்லையும் ஸ்டேஷன் எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து உருவானது; தாம்பரம் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. பெயர் ஒன்று, எல்லை வேறு: மாநகராட்சிக்கு வெளியே இருக்கும் மணிமங்கலமும் ஆணையரகத்துக்குள் வருகிறது. உங்கள் வார்டு வரைபடத்தின்மேல் ஸ்டேஷன் எல்லைகளை வேறு நிறத்தில் வரையுங்கள். இரண்டு ஸ்டேஷன் எல்லைகள் தொட்டுக்கொள்ளும் தெருக்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அங்கே ரோந்தும் துப்புரவும் நழுவிப்போகும்.

அடுத்து, இரவு நடை. கான்ஃபரன்ஸ் ஹால் கூட்டத்தைவிட இது பலமடங்கு பயன் தரும். இரவு எட்டரைக்கு மேல் ஸ்டேஷன் உதவி ஆய்வாளர், ஈ.பி. வயர்மேன், கவுன்சிலர், அந்தத் தெருவில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் சிலர் ஆகியோருடன் நடந்து பாருங்கள். விளக்கு எரியும், ஆனால் புங்கமரக் கிளை மறைப்பதால் வெளிச்சம் தரைக்கு வராது. பேருந்து நிழற்குடையின் பக்கவாட்டு விளம்பரப் பலகை, உள்ளே உட்கார்ந்திருப்பவரைச் சாலையிலிருந்து மறைக்கும். கழிப்பிடத்துக்குப் போகும் சந்தில் மூடிய ஷட்டர்களைத் தவிர ஒன்றும் இராது. “இங்க வந்ததும் போனைக் காதுல வச்சுக்குவேன்” என்று ஒரு பெண் சொன்னால், அந்த இடத்தின் கம்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளையை யார் வெட்டுவது, பலகையை யார் எடுப்பது, எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே நின்று எழுதி, மறுநாள் காலை எல்லோருக்கும் அனுப்புங்கள். பதவிப் பெயர் போதாது, ஆள் பெயரும் வேண்டும்.

ஸ்டேஷனில் தகவல் கேட்கும்போது எஃப்.ஐ.ஆர். கேட்காதீர்கள், உங்களுக்கு அது தேவையில்லை. இடம், நேரம், என்ன மாதிரிக் குற்றம் என்பது போதும். பதிலுக்கு மாநகராட்சிப் புகார் எண்ணுக்கு (சென்னையில் 1913) வந்த விளக்குப் புகார்களைத் தெருவாரியாகக் கொடுங்கள், புகார்தாரர் பெயரை நீக்கிவிட்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு “தெரியாம நடந்துடுச்சு சார்” என்பது எடுபடாது.

இதற்கென்று புதுக் கமிட்டி போட வேண்டாம், இருப்பதே போதும். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் மாநகராட்சி ஆணையரும் போலீஸும் வியாபாரிகளும் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். ராத்திரிக் கடைகளை அகற்றும் பேச்சு எழுந்தால் அங்கே எதிர்த்துப் பேசுங்கள். பத்து மணிக்கும் இட்லிக் கடை திறந்திருக்கும் தெருவில் தனியாக நடப்பவருக்குத் துணை இருக்கிறது. இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடமோ மூடாத பள்ளமோ இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 152-ஆவது பிரிவின்கீழ் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். போலீஸ் அறிக்கையோடு உங்கள் பொறியாளர் அறிக்கையையும் இணைத்து அனுப்புங்கள்.

பணம் வந்ததும் எல்லோரும் கேமராவுக்குத்தான் ஓடுவார்கள். சென்னை உட்பட எட்டு நகரங்களில் நிர்பயா நிதியில் பாதுகாப்பான நகரத் திட்டம் வந்தது. சென்னை மாநகராட்சி அந்தத் திட்டத்தின்கீழ் பாலினக் கொள்கை ஆய்வகம் ஒன்றையும் அமைத்தது. என்னைக் கேட்டால் கேமராவைவிட அதுவே உருப்படியான செலவு. கேமரா வைத்தே ஆக வேண்டுமென்றால், கரண்ட் பில் யார் கட்டுவது, லென்ஸை யார் துடைப்பது, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்ற மூன்றையும் எழுதி வாங்காமல் கம்பம் நட விடாதீர்கள்.

உங்களுக்கோ இன்ஸ்பெக்டருக்கோ எந்த நேரமும் டிரான்ஸ்ஃபர் வரலாம். வரைபடம், நடைக் குறிப்பு, பாக்கி வேலைப் பட்டியல் மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்து, பொறுப்பு ஒப்படைக்கும்போது அதற்கும் கையெழுத்து வாங்குங்கள்.