பூவும் கட்டமும் சேருமா? மொய்க் கவர் செய்பவர்களுக்கு ஒரு பாடம்



காகிதக் கைவினைப் பயிற்சி முடித்த ஒரு குழு, சங்கக் கடனில் டிசைன் காகிதம் வாங்கி 200 மொய்க் கவர் செய்து கடைக்குக் கொடுத்தது. பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. "விலை ஜாஸ்தின்னு சொல்லியிருப்பாங்க" என்றார் ஒருவர். "பசை சரியில்ல" என்றார் இன்னொருவர். நாங்கள் கவர்களைப் பாயில் பரப்பிப் பார்த்தோம். மடிப்பு சுத்தம், பசையும் சுத்தம். ஆனால் பெரிய ரோஜாப்பூவுக்குப் பக்கத்திலேயே பெரிய மாங்காய் டிசைன், அதற்கு மேல் பளபளக்கிற ஜரிகைக் காகிதம். பார்க்கிற கண்ணுக்கு நிற்க இடமில்லை. பயிற்சியில் வெட்டவும் ஒட்டவும் சொல்லித் தந்தோம், எதோடு எதைச் சேர்ப்பது என்று சொல்லவில்லை. தப்பு எங்கள் மேல்தான்.

இது உங்களுக்குப் புதிய விஷயம் இல்லை. உங்கள் சேலையைப் பாருங்கள். உடலில் சின்னப் புட்டா, முந்தானையில் பெரிய வேலைப்பாடு, ரவிக்கை ப்ளெயின். காகிதத்துக்கும் அதே கணக்குதான். ஒரு கவரில் ஒரு பெரிய டிசைன் போதும். அதற்குத் துணையாகச் சுங்குடி மாதிரிச் சின்னப் புள்ளியோ, மெல்லிய கோடோ, சின்னக் கட்டமோ வைக்கலாம். மூன்றாவது ப்ளெயினாக இருக்கட்டும். இரண்டு டிசைன் நேருக்கு நேர் தொடாமல், நடுவில் ஒரு ப்ளெயின் பட்டி வந்தால் இரண்டுமே எடுப்பாகத் தெரியும்.

நிறத்தில் ஒரு சொந்தம் வேண்டும். பூக்காகிதத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றும் இருந்தால், அதில் குறைவாக இருக்கும் நிறத்தைப் பட்டிக்கு எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் நன்றாக அமையும். அதே நேரம் ஒன்று வெளிறியும் ஒன்று அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்; இரண்டும் ஒரே கறையாகக் கலந்தால் மாற்றுங்கள். செல்போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தும் பார்க்கலாம். ஒட்டுவதற்கு முன்பு பாருங்கள், ஒட்டின பிறகு பார்த்துப் பயனில்லை.

இனி அளவு. இப்போதைய 500 ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம். பழைய 100 ரூபாய் நோட்டு அதைவிடச் சற்றுப் பெரிது. அதனால் கவர் 17.5 க்கு 8.5 செ.மீ. இருந்தால் நோட்டை மடிக்காமல் வைக்கலாம். இதற்கு ஏ4 தாளில் 22 க்கு 18.5 செ.மீ. வெட்ட வேண்டும். பக்கவாட்டில் 7.7 செ.மீ. அகலத் துண்டு மிஞ்சும். அதைக் கூட்டித் தள்ளாதீர்கள்! 2.5 செ.மீ. பட்டி மூன்று அதில் வரும், அடுத்த கவர்களுக்கு ஆகும். யானை, மயில், விளக்குப் படம் உள்ள தாளை வெட்டுமுன் ஒருமுறை மடித்துப் பாருங்கள். முன்பக்கம் யானை தலைகீழாக நின்றால் யார் வாங்குவார்கள்?

மடிப்பு வெடித்து நார் தெரிந்தால் காகிதத்தின் மேல் பழி போடாதீர்கள். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, நீள மடிப்பு அந்தப் போக்கில் வர வேண்டும்.

ஒரு ரூபாய்க் காசு ஒட்டும் இடம் எப்போதும் ப்ளெயின் பட்டியில் இருக்கட்டும். பூ நடுவில் ஒட்டினால் காசு கண்ணுக்கே தெரியாது. நம்ம ஊரில் முதலில் பார்ப்பதே அந்தக் காசைத்தானே.

திரும்பி வந்த கவர்களை அந்தக் குழு வீசவில்லை. டிசைன்கள் மோதுகிற இடத்தின் மேல் அரக்கு நிறப் பட்டி ஒட்டினார்கள். எல்லாம் தேறவில்லை. ஜரிகைக் காகிதம் ஒட்டினவை எதுவும் சரிவரவில்லை, அவற்றைக் குழுக் கூட்டத்தில் சந்தாப் பணம் போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்கள். மற்றவற்றை வேறொரு கடைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டில் மிஞ்சிய துண்டுக் காகிதங்களை எடுத்து வாருங்கள், சேர்த்து வைத்துப் பார்ப்போம்.