கைதியும் அமானிதமே

ஏழைக்கும் அநாதைக்கும் உணவளிப்பதை நல்லடியார்களின் குணமாகக் கூறும் திருமறை (76:8), அவ்விருவரோடு மூன்றாமவனாகக் கைதியையும் சேர்த்துள்ளது. நேற்றுவரை நம்மீது வாள் ஓங்கியவன், ஆயுதம் பறிபோனபின் திக்கற்றவனாகி விடுகிறான். அவன் உயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இந்த அமானிதம் பாழான கதை நம் ஊரிலேயே உண்டு. கர்நாடக நவாப் பதவிக்காக முஹம்மது அலியும் சந்தா சாஹிபும் போரிட்டனர். முஹம்மது அலி திருச்சிக் கோட்டையில் இருந்தார். ஆங்கிலேயரும் தஞ்சைப் படையும் அவருக்குத் துணை. சந்தா சாஹிபும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கத் தீவில் வளைக்கப்பட்டனர். பத்திரமாக அனுப்பிவைப்பதாகத் தஞ்சைத் தளபதி மானோஜி செய்த சத்தியத்தை நம்பி, 1752 ஜூன் மாதம் சந்தா சாஹிப் அவரிடம் சென்றார். சென்றவர் சிறைப்பட்டார், கொல்லப்பட்டார். வெட்டிய தலை முஹம்மது அலிக்கு அனுப்பப்பட்டது. இறந்தவரும் கலிமாச் சொன்னவர். தலையைப் பெற்றவரும் கலிமாச் சொன்னவர்!

பிரெஞ்சுத் தளபதி லாவுடன் சுமார் 800 பிரெஞ்சுக்காரர்களும் 2000 சிப்பாய்களும் சரணடைந்தனர். 1757-ல்கூடத் திருச்சிக் கோட்டையில் பிரெஞ்சுக் கைதிகள் ஏறத்தாழ 500 பேர் அடைபட்டிருந்தனர். பதவிச் சண்டை பெரியவர்களுடையது. கடல்கடந்து வந்து சிறையில் வாடியது சாதாரணச் சிப்பாய்கள்.

மார்க்கம் நமக்குக் காட்டிய வழி யாது?

1. உணவு: ஹிஜ்ரி 2-ல் நடந்த பத்ருப் போரின் கைதிகளை நல்லமுறையில் நடத்தும்படி பெருமானார் (ஸல்) பணித்தார்கள். ஸஹாபாக்கள் ரொட்டியைக் கைதிக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பேரீச்சம்பழத்தை உண்டனர். இதை எடுத்துரைத்தவர் அக்கைதிகளில் ஒருவரான அபூ அஸீஸ்.

2. விடுதலை: ஈட்டுப்பொருள் தர வசதியற்ற, எழுதத் தெரிந்த கைதிகள் மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றனர்.

3. அபயம்: ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) என்ற பெண்மணி எதிரிகளுக்கு அளித்த அபயத்தைப் பெருமானார் (ஸல்) அப்படியே ஏற்றார்கள். ஒரு பெண் கொடுத்த வாக்கே படை முழுவதையும் கட்டுப்படுத்தியது. ஸ்ரீரங்கத்தில் ஒரு தளபதியின் சத்தியம் அவரையே கட்டுப்படுத்தவில்லை!

போர்க்கைதிகளைக் கண்ணியமாக நடத்த 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை உலக நாடுகளைக் கட்டாயப்படுத்தியது. நமக்கோ இது பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இபாதத்தாகக் கற்பிக்கப்பட்டுவிட்டது.

வாசகர்களே! நம் வீடுகளில் போர்க்கைதிகள் இல்லை. ஆனால் நம் சொல்லை நம்பி வந்தவர்கள் உண்டு. சிறைப்பட்டவனின் மனைவி மக்கள் நம் தெருவிலேயே இருக்கக்கூடும். அவன் செய்த குற்றத்திற்காக அவ்வீட்டு அடுப்பு அணையலாகாது. இன்றிரவு நம் வீட்டுச் சோற்றில் ஒரு பங்கு அங்கே போகட்டும். வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக, ஆமீன்.