அலுவலக நாற்காலியும் உடல்நலமும்

கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருந்த ஒரு சணல் ஆலையில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊட்டச்சத்து அறிஞர் ழான் மேயரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் நடத்திய ஓர் ஆய்வு 1956-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சணல் பொதிகளைச் சுமப்போர், இயந்திரங்களை இயக்குவோர், எழுத்தர்கள், மேற்பார்வையாளர்கள், ஆலைக் கடைவீதியில் நாள் முழுவதும் அமர்ந்தே வாணிபம் செய்வோர் எனப் பலதரப்பட்டவர்களின் உணவும் உடல் எடையும் அதில் ஒப்பிடப்பட்டன.

உழைப்பு மிகுந்தவர்கள் மிகுதியாக உண்டனர் என்பதில் வியப்பில்லை. இலேசான வேலை செய்தவர் முதல் மூட்டை சுமந்தவர் வரை, உழைப்புக்கு ஏற்ப உணவு கூடியது. ஆகவே எடையில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வியப்பளித்தது மறுமுனைதான். அமர்ந்தே பணிபுரிந்தவர்கள், இலேசான வேலை செய்தவர்களைவிடக் குறைவாக உண்டிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் மிகுதியாக உண்டனர்; கடைக்காரர்களின் உணவு, கடினமாக உழைத்தவர்களின் உணவுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது. அவர்களுடைய எடையும் கூடுதலாகவே இருந்தது. உழைப்பு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால், பசி அதனுடன் சேர்ந்து இறங்குவதில்லை என்பது இதிலிருந்து மேயர் கண்ட முடிவு.

அன்றைய நிலையில், பட்டினியையும் சத்துக்குறைவையும் எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த நாட்டில், இந்த முடிவு சிலருக்கு மட்டுமே உரியதாகத் தோன்றியிருக்கக்கூடும். இன்று நிலைமை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையிலுள்ள ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று ஒருங்கிணைத்த நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 35.5 விழுக்காட்டினருக்கு மிகை இரத்த அழுத்தமும், 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பதாக அது மதிப்பிட்டது. நீரிழிவு உள்ளோரின் எண்ணிக்கை பத்துக் கோடியைக் கடந்துவிட்டது. போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் இந்திய வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் என்று 2022-ஆம் ஆண்டுக்கான மற்றொரு கணிப்பு கூறுகிறது.

பழக்கம் கண்ணில் படுவதில்லை

நோய்க்குக் காரணமாகும் பழக்கங்களுள் புகைபிடித்தலும் மதுவும் வெளிப்படையானவை. செய்பவருக்கும் அவை தெரியும். உட்கார்ந்திருத்தல் அத்தகையதன்று. அதை ஒரு செயல் என்றே எவரும் கருதுவதில்லை. ஓர் எழுத்தரிடம் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அமர்ந்திருக்கிறீர் என்று கேட்டால் அலுவலக நேரத்தைச் சொல்வார். பேருந்திலும், உணவு மேசையிலும், இரவில் தொலைக்காட்சியின் முன்னும், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டும் கழிந்த நேரம் அவர் கணக்கில் வராது. முன்பு ஒரு கோப்பு வேண்டுமாயின் எழுந்து பதிவறைக்குச் செல்ல வேண்டியிருந்தது. கோப்புகள் கணினித் திரைக்கு வந்தபின் அந்தச் சில அடிகளும் நின்றுபோயின. நிர்வாகத்துக்கு இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. உடலுக்கு அது ஓர் இழப்பு என்பதை எவரும் குறித்துவைக்கவில்லை.

தேநீரும் அவ்வாறே. ஒரு சிறுகரண்டி சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நான்கு கோப்பை அருந்துபவர் 40 கிராம் சர்க்கரையை, அதாவது 160 கலோரியை, உணவு என்றே எண்ணாமல் உட்கொள்கிறார். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது ஏறக்குறைய 120 கலோரிதான். காலையில் தவறாமல் நடந்தும் எடை குறையவில்லை என வருந்துவோர் பலர். அவர்கள் தம் நடையை எண்ணுகிறார்கள்; தேநீரை எண்ணுவதில்லை.

பேருந்தில் இருவர்

அமர்ந்திருத்தலை இதய நோயுடன் தொடர்புபடுத்திய முதல் பெரும் ஆய்வு 1953-இல் இலண்டனில் ஜெரி மாரிஸ் என்பவரால் வெளியிடப்பட்டது. இரண்டடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் அமர்ந்தே இருப்பார். நடத்துநர் நாள் முழுவதும் படியேறி இறங்குவார். நடத்துநர்களிடையே இதய நோய் குறைவாகக் காணப்பட்டது. அஞ்சல்களைச் சுமந்து நடந்த தபால்காரர்களுக்கும், அதே துறையில் அமர்ந்து பணியாற்றிய எழுத்தர்களுக்கும் இடையிலும் இத்தகைய வேறுபாடு இருந்தது. மாரிஸ் அத்துடன் நிற்கவில்லை. பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுகளையும் ஆராய்ந்து, பணியில் சேரும்போதே ஓட்டுநர்கள் சற்றுப் பருத்த இடை உடையவர்கள் என்பதைக் கண்டு, 1956-இல் தாமே வெளியிட்டார். ஆகவே வேறுபாடு முழுவதையும் நாற்காலியின் மேல் சுமத்த இயலாது. எனினும் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அடிப்படை முடிவை உறுதிப்படுத்தின.

எவ்வளவு இயக்கம் போதும்? வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று பரவலாகச் சொல்லப்படுவது மருத்துவர்கள் வகுத்த அளவன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு இடப்பட்ட பெயரிலிருந்து பிறந்தது. ஏழாயிரம் அடிகளிலேயே பெரும்பயன் கிட்டுவதாக அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. பத்தாயிரம் இயலாது என்று நடையையே கைவிட்டவர்களுக்கு இது நற்செய்தி.

தனிமனிதரின் மன உறுதியை மட்டும் நம்பியிருக்க முடியாது. மேற்கூறிய 2022-ஆம் ஆண்டுக் கணிப்பில், போதிய இயக்கமற்ற ஆண்கள் 42 விழுக்காடு, பெண்கள் 57 விழுக்காடு. அம்மிக்கும் உரலுக்கும் திரும்புக என்று அறிவுடைய எவரும் கூறார். அந்தச் சுமையிலிருந்து பெண்கள் விடுபட்டது முன்னேற்றமே. ஆனால் விடுபட்ட பெண் மாலையில் அச்சமின்றி நடக்கத்தக்க நடைபாதை அவள் தெருவில் உண்டா? அந்த நடைபாதை நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டிய பொருள். பூட்டிய மாடிப்படிக் கதவைத் திறந்துவைப்பது அலுவலக மேலாளரின் கையில் இருக்கிறது. பணியிடங்களில் ஐந்து நிமிட யோகப் பயிற்சிக்கான திட்டத்தை ஆயுஷ் அமைச்சகம் அறிமுகப்படுத்தியது. அந்த ஐந்து நிமிடம் கிடைப்பது, மேலதிகாரி தாமும் எழுந்து நிற்கிறாரா என்பதைப் பொறுத்தது.

தன் நிலையை அறிய விரும்புபவர் ஒரு வாரம், எழுந்தது முதல் உறங்கும் வரை, அமர்ந்த நேரத்தையும் அருந்திய கோப்பைகளையும் ஒரு தாளில் அவ்வப்போதே குறித்து வரலாம். இரவில் நினைவுகூர்ந்து எழுதினால் பாதி விடுபடும். இடையின் சுற்றளவுக்குத் தையற்காரரின் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியிட்ட நிலையில் அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதைக் கடந்தவர்கள் இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்வது நல்லது.