தமிழில் குறுஞ்செய்தி: 70 குறிக்குள் ஒரு அறிவிப்பு

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். விரிவுரை மாற்றங்களைச் சக மாணவருக்குத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பினால் ஒன்றுக்கு மூன்று மடங்கு காசு போகிறது. ஆங்கிலத்துக்கு மாறுவதுதான் வழியா?
— வாசகர், உப்புக்குளம், மன்னார்

மாறவே வேண்டியதில்லை, சுருக்கி எழுதினாலே போதும். ஆங்கில எழுத்தில் 160 குறிகளைத் தாங்கும் குறுஞ்செய்தி, தமிழுக்குரிய ஒருங்குறியில், அதாவது உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் முறையில், 70 குறிகளையே கொள்ளும். அதைத் தாண்டினால் 67 குறித் துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கொரு கட்டணம் விழும். புள்ளியும் காலும் தனிக்குறிகளாக எண்ணப்படுவதால், நான்கெழுத்துள்ள ‘மன்னார்’ 7 குறிகளைப் பிடிக்கிறது.

ஆகவே ‘அன்பார்ந்த மாணவர்களே’ என்ற விளியை விட்டு, ‘திங்கள் 9 மணி கணக்கியல் வகுப்பு இல்லை. புதன் 2 மணிக்கு நடக்கும்.’ என்று எழுதினால் 64 குறிகளில், ஒரே கட்டணத்தில் வேலை முடிகிறது.

வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு வெளியூர்களிலிருந்து பஸ் ஏறும் மாணவருக்கு, வகுப்பு ரத்தான செய்தி முதல்நாள் மாலையே கிடைப்பது ஒரு நாளின் செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும். டேட்டா தீர்ந்த கைபேசிக்கு வாட்ஸ்அப் வராது, குறுஞ்செய்தி வரும்; பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேறுகளைச் சுட்டெண் அனுப்பிப் பெற்றுப் பழகிய மாணவருக்கு இது புதிதுமன்று. நீண்ட பாடக்குறிப்புகளை வாட்ஸ்அப்புக்கு விட்டு, நேரம், இடம், இறுதித் திகதி ஆகிய மூன்றுக்கு மட்டும் குறுஞ்செய்தியைப் பயன்படுத்துவதே சிக்கனம்.