கள்ளிப்பழமும் காலில் உறைந்த ரத்தமும்

கேள்வி: எங்களுக்கு திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம். அப்பாவுக்கு 62 வயது. போன மாதம் இடது கால் வீங்கி, ஸ்கேனில் ரத்தக்கட்டு என்றார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறார். சப்பாத்திக்கள்ளிப் பழம் கட்டைக் கரைக்கும், பாலைவனச் செடிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தே நிரூபித்திருக்கிறார்கள் என்று சித்தப்பா தினமும் நாலு பழம் பறித்து வந்து கொடுக்கிறார். மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சித்தப்பா சொல்லும் சோதனை உண்மையிலேயே இருக்கிறது. நாக்பூரில் உள்ள மத்திய இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தார் 2006-இல் வெளியிட்ட எளிய முறை அது. நோயில்லாத ஒருவரின் ரத்தத்தில் அரை மில்லியை, முன்பே எடைபோட்ட சிறு குழாயில் விட்டு 37 டிகிரியில் 45 நிமிடம் வைத்தால் உறைந்துவிடும். மேலே தேங்கும் சீரத்தைச் சொட்டு விடாமல் எடுத்துவிட்டு மறுபடி எடை. பிறகு ஒரு குழாயில் 100 மைக்ரோலிட்டர் செடிச்சாறு, அடுத்ததில் மாரடைப்புக்குப் போடும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், இன்னொன்றில் வெறும் தண்ணீர். 90 நிமிடம் கழித்துக் கரைந்ததை வடித்துவிட்டுக் கடைசி எடை. குறைந்தது எவ்வளவோ அவ்வளவு கரைந்ததாகக் கணக்கு. வறண்ட நிலத்து முட்செடியான ஃபகோனியா அராபிகாவை 2007-இல் அவர்களே இப்படிச் சோதித்தார்கள், கட்டு கரைந்தது.

எந்தச் செடியை மேற்கொண்டு ஆராயலாம் என்று பொறுக்கி எடுக்க அருமையான முறை. ஆனால் குழாயில் சாறு கட்டின் மேலேயே விழுகிறது. அப்பா தின்னும் பழமோ இரைப்பை அமிலத்தில் ஊறி, குடலையும் கல்லீரலையும் தாண்டி, ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தத்தில் கலந்தபின்தான் காலுக்குப் போய்ச் சேர வேண்டும். தவிர, கட்டு சுருங்கிச் சீரத்தைக் கக்கினாலும் எடை குறையும். தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வார்ஃபரினும் கட்டைக் கரைப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. இருக்கும் கட்டு வளராமல் அது பிடித்து வைக்கிறது. அந்த அவகாசத்தில் உடம்பு தன் பிளாஸ்மின் நொதியால் மெல்லக் கரைத்துக்கொள்கிறது. மாத்திரை நின்றால் கட்டு வளரலாம், துண்டு பிய்ந்து போய் நுரையீரலை அடைக்கலாம். திடீரென்று மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பழம் நிஜமாகவே ரத்தக்கட்டைக் கரைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது வார்ஃபரினோடு சேர்த்துக் கொடுப்பதுதான் பெரிய பயம்: மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியலாம்.

சப்பாத்திக்கள்ளிப் பழம் நல்ல பழம். தணலில் வாட்டி, சாக்கில் தேய்த்துச் சுணையை நீக்கித் தின்றால் அதன் இனிப்பே தனி. ஆனால் விதையோடு நிறையத் தின்றால் மலக்குடலில் கல்போல் இறுகிவிடும். அதைவிட எனக்குக் கவலை அதன் நிறம். பீட்ரூட்டில் இருப்பது போன்ற பீட்டாலைன் நிறமிதான் இதிலும். சிறுநீரைச் சிவக்க வைக்கக் கூடும். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர் சிவந்தால் அது ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். எது பழம், எது ரத்தம் என்று வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. மாத்திரை முடியும்வரை பழம் வேண்டாம்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையை இந்த வாரமே பாருங்கள்; பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நாலு பழக் கணக்கை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.