நாய்க்குட்டி வாங்குமுன் தாயைப் பாருங்கள்

வீட்டிற்கு நாய்க்குட்டி வாங்க விரும்புவோர் பெரும்பாலும் இனம், நிறம், விலை ஆகியவற்றையே விசாரிக்கின்றனர். மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் கேட்பது வேறு: குட்டியின் தாயைப் பார்த்தீர்களா?

வெறிநோய்த் தடுப்பூசி குட்டிகளுக்குப் பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. அதுவரை அவற்றுக்குப் பாதுகாப்பு, தடுப்பூசி போடப்பட்ட தாயும் தெருநாய்கள் அண்டாத வளர்ப்பிடமுமே. 'குட்டிதானே, பல் பட்டால் என்ன?' என்று எண்ணுவது தவறு. நோயுற்ற குட்டியின் சிறு பற்கீறலும் வெறிநோயைத் தரக்கூடும். அறிகுறிகள் தோன்றியபின் இந்நோயிலிருந்து மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது.

உருண்டைப் புழுக்களோ பிறக்கும் முன்பே கருவிலும், பின்னர்த் தாய்ப்பாலிலும் குட்டிக்குச் செல்கின்றன. ஆகவே கொழுகொழுவென்று இருக்கும் குட்டியின் வயிற்றிலும் புழு இருக்கலாம். அதன் கழிவு கலந்த மண்ணில் விளையாடிவிட்டு, கைகழுவாமல் உண்ணும் குழந்தைகளுக்கு இப்புழுவின் இளம்புழுக்களால் கண்ணும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். இரண்டு வார வயது முதலே குட்டிக்குப் பூச்சிமருந்து கொடுக்கப்பட வேண்டும்.

பார்வோ என்னும் வைரஸ் நோய் மனிதருக்குத் தொற்றாது; குட்டிகளுக்கோ உயிர்க்கொல்லி. பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் அடைத்து விற்குமிடத்தில் இது எளிதில் பரவும். வாங்கும் நாளில் துள்ளித் திரிந்த குட்டி, ஒரு வாரத்திற்குள் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகத் துவண்டுவிடக்கூடும்.

எனவே குட்டி வளர்ந்த இடத்திற்கே செல்லுங்கள். தாய் நலமாகவும் மனிதரிடம் அச்சமின்றியும் உள்ளதா, குட்டியின் கண்ணும் மூக்கும் தூய்மையாக உள்ளனவா, வயிறு உப்பியிருக்கிறதா, சீராக நடக்கிறதா, ஒலிக்குத் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பெறுங்கள். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

தெருவில் கண்டெடுத்த குட்டியாயின் தாயைக் காண இயலாமற் போகலாம். அவ்வாறாயின் வீட்டிற்குக் கொண்டுவருமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விலங்கு நல அமைப்புகளிடம் தத்தெடுத்தாலும் அட்டையைக் கேளுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போரும் உறுப்பு மாற்றம் பெற்றோரும் உள்ள வீட்டினர் முதலில் தங்கள் மருத்துவரைக் கலந்தாலோசிப்பது நலம். இத்தகைய வீடுகளுக்குக் குட்டியைவிட, தடுப்பூசிகள் நிறைவுற்ற வளர்ந்த நாயே பெரும்பாலும் ஏற்றது.

குட்டி கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் இடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். குட்டிக்கு ஏதேனும் ஆகிறதா என்று பார்த்திருந்து தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.